பூட்டுப் போட யாருக்கு உரிமை?

வேலைக்கும் படிப்புக்குமாக காலனியை விட்டு விழுப்புரம், திண்டிவனம் நகரங்களுக்கு வரும் நம் மக்களிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, 'நீங்க என்ன ஆளுங்க?' என்பதுதான். சொல்லாமல் குடிபுகுந்தவரைச் சாதி தெரிந்ததும் காலி செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால், வேலை முடிந்து திரும்பும்போது கதவில் வேறு பூட்டு. காவல் நிலையம் போனால், 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போ' என்ற பதில்.

அந்தப் பதில் சரியல்ல. வாடகை பாக்கி இருந்தாலும் நீதிமன்ற உத்தரவின்றி யாரையும் வெளியேற்ற முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், குடியிருப்பவரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக்கூடத் தடை விதிக்கிறது. வலுவில் வெளியேற்றப்பட்டவர் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டை மீட்கலாம்.

பூட்டியவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர், பூட்டப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், இது வெறும் வாடகைத் தகராறு அல்ல. பட்டியல் சாதியினரைக் குடியிருப்பிலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 18ஏ பிரிவு. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கும் 4ஆம் பிரிவில் தண்டனை உண்டு.

வாடகை ரசீது, பணம் அனுப்பிய விவரம், பூட்டிய கதவின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீடு அவருடையதாக இருக்கலாம்; பூட்டும் அதிகாரம் அவருடையதல்ல.