இடுப்புக்கு ஊசி, தலையில் அதே கூடை



கொழுந்தெடுக்கும் பெண்களில் இடுப்பு வலி இல்லாதவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சரிவில் குனிந்து நின்று, கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி, 18 கிலோ, 20 கிலோ என்று நிறுவைக்குக் கொண்டுவரும் உடம்பு அது. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சுமக்கிறார்கள். தராசிலோ அந்தத் தண்ணீருக்குக் கிலோ கழிக்கிறார்கள்.

இதற்குக் கிடைக்கும் வைத்தியம் என்ன? டிஸ்பென்சரியில் இரண்டு வில்லை. கேட்காவிட்டால் டவுன் கிளினிக்கில் ஒரு ஊசி. அன்றையப் பேரும் போய், பஸ் காசும் ஊசிக் காசும் போகிறது. வலி அடங்கியதும் மறுநாள் மலைக்கு.

டைக்ளோபெனாக் ஊசி வலியைச் சில மணி நேரம் அடக்கும். அடிக்கடி போட்டால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதாகலாம், பிரஷர் கூடலாம். முள்ளந்தண்டில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி, நரம்பு நசுங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்குக் கொஞ்சக் காலம் ஆறுதல் தரலாம். நாட்பட்ட இடுப்பு வலியைத் தீர்க்காது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியையும் ஏற்றிவிடும். இடுப்பு வலிக்கு முள்ளந்தண்டு ஊசி வேண்டாம் என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டி 2016இலேயே சொல்லிவிட்டது.

நாம் ஊசிக்கு எதிரிகள் அல்ல. டாக்டர் பரிசோதித்துத் தேவை என்றால் போடட்டும். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் சண்டை, ஊசியைப் போட்டு அதே பாரத்தை மறுபடி ஏற்றும் முறையோடுதான்.

1992இல் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த கம்பனிகளிடம் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் கணக்கு உண்டு. இடுப்பு ஒடிந்தவர்களின் கணக்கு எந்தத் தோட்ட ஒபிசில் இருக்கிறது?

நாம் கேட்பது இவை: பாரம் சேருமுன் அடிக்கடி நிறுவை, டாக்டர் துண்டு கொடுத்தால் முழுப் பேரோடு இலகு வேலை, சிகிச்சை நாளுக்குச் சம்பளம், தோட்டத்துக்கே வரும் பிசியோதெரபி கிளினிக்.

டிஸ்பென்சரிக்குப் போகும்போது, வலி எந்த வேலையில் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். துண்டைப் பத்திரமாக வைத்து, பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அந்தத் துண்டுகளோடுதான் அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் போக வேண்டும்.