மணத்திற்கு முன் நீர்

ஐப்பசி பிறந்துவிட்டால் பழனி மலையின் கீழ் அடுக்குகளில் அமைந்த ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி முதலிய ஊர்களில் வெயிலைக் காண்பதே அரிதாகிவிடும். வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வந்து, மார்கழி வரையில் வீட்டுச் சுவர்களை ஈரமாகவே வைத்திருக்கும். அந்நாட்களில் விடியற்காலையில் பூஜையறைக்குள் நுழைந்தவுடன் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, நெஞ்சில் இழுப்பு என அவதியுறும் பெரியோர் பலர்.

ஆடலூரிலிருந்து ஒரு மூதாட்டி எழுதியுள்ள கடிதமும் இதுபற்றியதே. சாம்பிராணிப் புகை எழுந்தால் தமக்கும் பேரக் குழந்தைக்கும் இளைப்பு உண்டாகிறது என்கிறார். புகையை நிறுத்திவிடும்படி மகன் வேண்டுகிறாராம். இத்தனை ஆண்டுகள் தவறாமல் செய்துவந்த தூப உபசாரத்தை விட்டால் அபசாரம் ஆகாதோ என்று அவர் மனம் கலங்குகிறது. அக்கலக்கம் நியாயமானதே. அதற்கு விடை காணத் திருமலைக்குச் சென்று வருவோம்.

திருவேங்கடமுடையான் சந்நிதியில் யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்கிற்கும் முன்பாக வரும் செவ்வாய்க்கிழமைகளில் 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' நடைபெறுகிறது. அன்று மூலவர் திருமேனியை வஸ்திரத்தால் மூடி, பூஜைப் பொருள்களை வெளியே எடுத்துவைத்து, கருவறை தொடங்கி மேற்கூரை, சுவர், தூண், தளம் அனைத்தையும் நீரால் தூய்மை செய்கிறார்கள். அதன் பின்னரே நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், பச்சைக் கற்பூரம், சந்தனம், குங்குமம், கிச்சிலிக் கிழங்கு முதலியவை கலந்த பரிமள நீரைத் தெளிக்கிறார்கள். பிறகு வஸ்திரத்தை விலக்கி, ஆராதனையும் நைவேத்தியமும் செய்கிறார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பொருள்களை அகற்றுவது முதலில், நீர் அடுத்து, மணம் கடைசியில். நம் இல்லங்களிலோ பல நேரங்களில் தூசியும் ஈர வாடையும் இருக்கும்போதே அவற்றின் மேல் மணத்தை ஏற்றுகிறோம். துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தூசியில் என்ன இருக்கிறது? 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைத் தூசிப் பூச்சிகளே வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே இவற்றின் உணவு. மெத்தை, தலையணை, கம்பளி ஆகியவை இவற்றின் இருப்பிடம். இவை கடிப்பதில்லை, இவற்றின் எச்சம் காற்றில் கலந்து மூக்கை அடையும்போதுதான் தும்மலும் இளைப்பும் உண்டாகின்றன. இவை நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றன. ஆகவே மழையும் பனியும் மிகுந்த மலையூர்கள் இவற்றுக்கு மிகவும் ஏற்றவை. ஈரச் சுவரில் படரும் பூஞ்சணமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது.

இனித் திருமலையின் வரிசையிலேயே நம் இல்லத்தைத் தூய்மை செய்வோம்.

முதலாவது, அகற்றுதல். நிர்மால்யத்தை அன்றன்றே களைய வேண்டும் என்பது பூஜை விதி. வாடிய மாலை படத்தின் மேல் நாள்கணக்கில் தொங்கினால் அதில் பூஞ்சணம் பிடிக்கும். பூஜை அலமாரியில் சேர்ந்துவிட்ட பழைய வஸ்திரங்கள், காலண்டர் படங்கள், கட்டிலுக்கு அடியிலுள்ள செய்தித்தாள் கட்டுகள் ஆகியவற்றையும் குறைத்துவிடுங்கள். போகியன்று பழைய பாய், நெகிழி, டயர் முதலியவற்றைக் கொளுத்துவது, அகற்றிய தீங்கையே புகையாகத் திரும்ப அழைப்பதாகும். காபி விளையும் ஆடலூர் வட்டாரத்தினர் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வறுக்காத காபிக் கொட்டையின் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. ஆகவே காபி மூட்டைகளைப் படுக்கையறையில் அடுக்காதீர்கள்.

இரண்டாவது, நீர். வாசலில் முதலில் நீர் தெளித்து, அதன் பிறகே பெருக்குவது நம் வழக்கம். தெளித்த நீர் தூசியை எழவிடாது. இதே முறையை வீட்டினுள்ளும் கடைப்பிடியுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டிப் பெருக்குவதைவிட, நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பது மேல். பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் துணிக்கும் தரைக்கும் போதிய நுரை கிடைக்கும். அதைத் தூளாக்கிக் கையாண்டால் அத்தூளே தும்மலைத் தரும். விளக்குகளைப் புளியால் துலக்குங்கள்.

தலையணை உறை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து அலசினால் தூசிப் பூச்சிகள் மடியும். அவ்வளவு சூடு கை பொறுக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தை இளையவர்களே தூக்கட்டும். வெயில் எட்டிப் பார்க்கும் வேளையில் படுக்கையை உலர்த்தி, சன்னல்களைத் திறந்து வையுங்கள். பனி இறங்கத் தொடங்கியதும் சாத்திவிடுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் காற்று புகும். ஓட்டில் பதிந்த சிறிதளவு பூஞ்சணத்தை வினிகர் தொட்ட துணியால் துடைத்து நன்கு உலரவிடலாம். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் அதனை அடைக்காமல் துடைப்பதில் பயனில்லை. வினிகரையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும். பட்டுத் துணிகளுக்கு நாப்தலீன் உருண்டைக்கு மாற்றாக, நன்கு உலர்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணியில் முடிந்து வைக்கலாம்.

மூன்றாவது, மணம். மூதாட்டியின் வினாவுக்கு இப்போது வருவோம். சாம்பிராணி இயற்கைப் பொருளே. ஆயினும் அதன் புகை, இளைப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழலை உறுத்தும். ஊதுபத்திக்கும் கற்பூரத்திற்கும் இது பொருந்தும். பூஜையில் கைவசம் இல்லாத உபசாரத்திற்கு ஈடாக அட்சதை சமர்ப்பிப்பது நம் வழக்கில் உள்ளதுதான். ஆகவே தூபத்தின் இடத்தில் அட்சதையை இட்டு வணங்குவதில் குறையில்லை. மணம் வேண்டுமெனில், அரைத்த சந்தனத்தையும் துளசியையும் சமர்ப்பியுங்கள். புகை இட்டே தீரவேண்டிய விசேஷ நாளில் முற்றத்தில் சிறிதளவு இட்டு, இளைப்பு உள்ளவர்கள் விலகியிருக்கட்டும்.

இவையனைத்தும் மருந்துக்குத் துணையே. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தலாகாது. மூச்சுத்திணறல் மிகுந்தால் தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் தூசி தட்டும் வேலையில் இறங்காமல், அப்போது வேறோர் அறையில் இருப்பது நல்லது.

அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கித் தூய்மை செய்தார். அதுவே அவருக்கு வழிபாடாக அமைந்தது. ஆடலூர் அம்மையாரும் இனி நாள்தோறும் நிர்மால்யம் களைந்து, ஈரத் துணியால் சுவாமி மாடத்தைத் துடைத்து, விளக்கேற்றி அட்சதை இடலாம். பேரக் குழந்தையும் அருகில் அமர்ந்து கைகூப்பலாம்.