நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

பழம் பெருமை பேசுவதில் தமிழருக்கு ஈடு யாருமில்லை என்று ஒரு கட்சி உண்டு. ஒரு சிறு திருத்தத்துடன் அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பேசுவதில்தான் நாம் சூரர்கள். பழம் பொருளைத் தொட்டுத் துடைத்து வைப்பதில் அல்ல. கவலைச் சால், கல் செக்கு, கட்டை வண்டி எல்லாம் விறகாகவும் பழைய இரும்பாகவும் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த ஸ்திதியில், பழைய ஜீப் வண்டியை வாங்கி, வருஷக் கணக்காகச் செப்பனிட்டு ஓட்டும் பழக்கம் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகள் சிலவற்றில் புகுந்திருப்பது நமக்குப் பெரும் சந்தோஷமாயிருக்கிறது. மிளகாய் உலர்த்தும் களத்தை இரும்புச் சாமான் அடைத்துக்கொண்டதே என்று அவ்வீட்டுத் தாய்மார்கள் முணுமுணுப்பது நியாயந்தான். ஆயினும் அவர்களும் இந்த வண்டியின் சரித்திரத்தைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1940-ம் வருஷம் ஜூலை மாதத்தில், யுத்தம் நம்மையும் தொடும் என்று உணர்ந்த அமெரிக்க ராணுவம், மேடு பள்ளம் பாராமல் ஓடக்கூடிய சிறு வண்டி வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த தவணை 49 நாள். பெரிய முதலாளிகள் பலர் வாய் திறக்கவில்லை. நொடித்துக் கிடந்த பாண்ட்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரைப் பிடித்தது. அவர் இரண்டே நாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23-ந் தேதி, தவணை முடிய அரை மணி நேரம் இருக்கையில், வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. ஆனால் பெரிய ஆர்டர்கள் போனது வில்லிஸ், போர்டு கம்பெனிகளுக்கு. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்! யுத்தம் முடிவதற்குள் அவ்விருவரும் செய்து தள்ளிய வண்டிகள் 6 லட்சத்துக்கு மேல்.

நம் நாட்டிலும் அதன் பிரவேசம் சுவாரஸ்யமானதே. மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் 1945-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். 1947-ல் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். அதே வருஷம் தேசம் இரண்டாயிற்று. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியானார். 1948-ல் கம்பெனியின் பெயரும் மாறியது. அதே 1948-ல்தான், ராணுவத்துக்கு ஜீப் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு வண்டிக்குக் காத்திருந்த விவகாரமும் கிளம்பிற்று. சுதந்தர இந்தியா கண்ட முதல் ஊழல் புகார் ஜீப்பின் பெயராலேயே வழங்குகிறது என்றால், அந்த வண்டியின் ஜாதக விசேஷத்தை என்னவென்பது!

நிற்க. ஜீப்புக்கு நம் கிராமங்களில் கௌரவம் வந்தது யுத்தத்தால் அல்ல. 1952 அக்டோபர் 2-ந் தேதி ஆரம்பமான சமுதாய நலத் திட்டத்தால் வந்தது. பிறகு பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்டபோது, யூனியன் ஆபீஸ் என்றால் அதன் வாசலில் ஒரு ஜீப் என்றாயிற்று. கெங்கவல்லி போன்ற இடத்தில் அதன் அவசியத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் பச்சைமலை, ஒரு பக்கம் கொல்லிமலை, இடையிலே சுவேத நதி. மழை பெய்தால் ஓடையெல்லாம் ஆறாகும். வண்டித் தடமெல்லாம் சேறாகும். அம்மைப்பால் வைப்பவரும், விதை நெல்லும், தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியும் அந்தத் தடத்தில்தான் போக வேண்டும். சர்க்கார் என்பது மலைக் கிராமத்துக் குழந்தைகளுக்கு முதன்முதலில் காட்சி கொடுத்தது, புழுதி கிளப்பிக்கொண்டு வந்த ஜீப் ரூபத்தில்தான்.

மற்ற மோட்டார் ஏறாத இடத்தில் இது ஏறுவது எப்படி என்று நம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சாதாரண மோட்டாரில் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கே போகும். அவை சேற்றில் சுழன்றால் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு. அதிலிருந்து முன் அச்சுக்கு ஒரு தண்டும் பின் அச்சுக்கு ஒரு தண்டும் போகின்றன. பழைய ஜீப்பில் டிரைவர் காலடியில் கியர்க் கம்பியுடன் வேறு இரண்டு குட்டைக் கம்பிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று முன் சக்கரங்களை வேலைக்கு அழைப்பது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்குவது. காய்ந்த தார் ரஸ்தாவில் முன் சக்கரத்தைச் சேர்த்து ஓட்டினால் டயர் தேயும்; பல் சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்பதில்தான் டிரைவரின் வித்தை இருக்கிறது.

இனிச் செப்பனிடும் விஷயம். நம் பக்கத்தில் அதிகம் அகப்படுவது உயர்ந்த மூக்குள்ள சி.ஜே. 3பி என்ற ரகம். புகுவாயில் வால்வு எஞ்சினின் தலைமேல் அமைந்ததால், அதற்கு இடங்கொடுக்க மூடியை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன இந்த வடிவம், நம் நாட்டில் அதற்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தது. லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லும் சேலமும் அருகில் இருப்பது நம் பாக்கியம். பட்டை கட்டவும், துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டவும், தேய்ந்த தண்டை லேத்தில் கடைந்து தரவும் கைகாரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் வண்டி வாங்குவோர் வர்ணத்தைப் பார்த்து மயங்கலாகாது. சேஸிஸைச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். அதில் அடித்த நம்பர் ஆர்.சி. புத்தகத்து நம்பரோடு ஒத்திருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். டீசல் வெகு மலிவாயிருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, கனத்த டீசல் எஞ்சினைத் திணித்த வண்டிகள் ஏராளம். பிழைப்புக்காகச் செய்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். இன்று பொழுதுபோக்குக்காக வாங்கி, யானைக்கால் போன்ற டயரும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் மாட்டுகிறார்களே, அவர்களிடந்தான் நமக்குச் சண்டை. பழுதான பழைய தேரின் பொம்மையைத் தம்மம்பட்டிச் சிற்பியிடம் கொடுத்தால், அதன் மூக்கைத் தம் இஷ்டப்படி மாற்றிவிடுவாரா? சட்டமும் இவர்களுக்கு அநுகூலமாயில்லை. கம்பெனியார் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதென்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அசல் உருவம் கெடாமல் வைத்திருப்பவர்களுக்கு மரியாதையும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது நிரம்பி, அசல் அமைப்போடு இருக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களுடன் தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, தினசரிப் பிரயாணத்துக்கு ஆகாது. இதில் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆட்சேபம் வேறோரிடத்தில் இருக்கிறது. சர்க்கார் வண்டிகளில் 15 வயது முடிந்தவற்றின் பதிவை 2023 ஏப்ரல் 1-ந் தேதியிலிருந்து புதுப்பிப்பதில்லை, உடைப்புக் கூடத்துக்கே அனுப்புவது என்று மத்திய சர்க்கார் விதித்துவிட்டது. புகையும் விபத்தும் குறைய வேண்டியதுதான், யார் மறுப்பது? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 வயதானால் மாலை போடுவோம் என்கிறது ஒரு விதி. 15 வயதிலேயே உடைத்துவிடு என்கிறது இன்னொரு விதி. பிறகு யூனியன் ஆபீஸ் ஜீப்புக்கு 50 வயது எப்படி வரும்? முன்னெல்லாம் ஏலத்தில் போய் யாராவது ஓர் அபிமானியின் கொட்டகையிலாவது அது உயிர் தப்பியது. இப்போது அந்த வழியும் அடைபட்டது.

ஜில்லாவுக்கு ஒரு வண்டி, ஒன்றே ஒன்று, ரஸ்தாவில் ஓடாவிட்டாலும் பாதகமில்லை, சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையத்தில் நிறுத்தி வைத்தால் என்ன? மாணவர்கள் அந்த இரண்டாவது பெட்டியைத் திறந்து பார்த்துப் பாடம் கற்கலாம். அதற்குள் இன்னொரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது. அவ்வண்டிகளை ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஓடையில், எந்த மழையில், எந்தக் கம்பியை இழுத்தார்கள் என்பதை விடுமுறை நாளில் பிள்ளைகளை அனுப்பிக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.