துண்டு போட்ட இடமும் தொலைத்த மரியாதையும்



மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில் கோரமண்டல் நிலையத்துக்கு வந்து நிற்கும்போது பல இருக்கைகளில் ஆள் இருக்கமாட்டார், துண்டு இருக்கும். துண்டு இல்லாத இடத்தில் கைக்குட்டை இருக்கும், சாப்பாட்டுப் பை இருக்கும். ஒரே செய்தித்தாளை ஐந்தாகக் கிழித்து ஐந்து இடங்களில் வைத்திருந்ததையும் நாம் கண்ணால் கண்டோம். பங்காரப்பேட்டையில் ஏறப்போகும் சீட்டாட்டக் கூட்டாளிகளுக்காக அந்த இடங்கள் காத்திருக்கின்றன. தையல் ஆலைக்குப் போகும் நம் சகோதரி கக்கூஸ் கதவோரம் நின்றபடியே மாலூரைத் தாண்டுகிறாள், ஒயிட்பீல்டையும் தாண்டுகிறாள். "இடம் காலியா அண்ணா?" என்று அவள் கேட்டால் வருகிற பதில் என்ன? "கண்ணு தெரியலையா? துண்டு கிடக்குதில்ல?"

இதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றவுடன் ஒரு பெரியவர் நம் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதுங்க தம்பி, வெள்ளைக்காரத் துரை காலத்துல இந்த ஊரு எப்படி இருந்தது தெரியுமா? மினி இங்கிலாந்து! மரியாதைன்னா அப்ப மரியாதை!" என்றார். வயதில் பெரியவர் என்பதால் அங்கே நாம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இங்கே திறந்தாக வேண்டும்.

அந்த மரியாதை யாருடையது? 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்த பிறகு, துரைக்குப் பங்களாவும் கிளப்பும் கிடைத்தன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம் பாட்டன் பூட்டனுக்கு மூங்கில் தட்டி வீடு கிடைத்தது. துரை எதிரே வந்தால் தலைத்துண்டு கைக்கு இறங்கியது. அதைப் பண்பு என்கிறார்கள். அது வயிற்றுப் பயம். பயம் போனதும் அந்த மரியாதையும் போனது என்றால் போகட்டும், நமக்கு வருத்தமில்லை. 1930இல் ஒவ்வொரு தொழிலாளியும் விரல் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சொன்னபோது, வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தாம். குற்றவாளியைப் போல் எங்களை நடத்தாதே என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு மரியாதையை எந்தத் துரையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் இழந்தோம் என்று சொல்வது வேறொரு மரியாதையை. அதை நம் ஆட்களே, நமக்குள்ளேயே உண்டாக்கினார்கள். கிராமத்தில் நரைத்த தலையோடு நின்றாலும் "டேய்" என்று கூப்பிடப்பட்ட மனிதர் இங்கே வந்து சங்கக் கூட்டத்தில் "ஐயா அவர்களே" ஆனார். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் நடந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக அச்சிட்டது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் காசில் நடந்த காரியம் இது. சக தொழிலாளியை "வாங்க, உட்காருங்க" என்று சொல்வதற்கு அவர்கள் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள். பூமிக்குக் கீழேயும் அப்படித்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். ஏர் பிளாஸ்ட் வந்து பாறை சரிந்தால் உன் சாதி என்ன, எந்த லைன் வீடு என்று கேட்க அங்கே நேரம் கிடையாது. முன்னே போகிறவன் குரல் கொடுக்க வேண்டும், பின்னே வருகிறவன் காது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவருமே கூண்டேறி மேலே வருவது சந்தேகம்தான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அன்றோடு ஒரே ஷிப்டு, ஒரே கூண்டு, ஒரே சம்பள நாள் என்பதெல்லாம் முடிந்தது. இன்று ஒவ்வொருவருக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது இந்த ரயில் மட்டுமே. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பெற்ற பிள்ளையோடு பேசுவதைவிட அதிக நேரம் பக்கத்து இருக்கைக்காரரோடு கழிகிறது. அங்கேதான் துண்டு போட்டு வைத்திருக்கிறோம்!

சில தோழர்கள் கோபிக்கிறார்கள். "வேலையே இல்லாத ஊரில் இருக்கையைப் பற்றி என்ன பேச்சு? பெட்டி போதவில்லை, அதனால் சண்டை. பெட்டியைக் கூட்டச் சொல்லி எழுதுங்கள்." சரியான பேச்சுதான். பெட்டியைக் கூட்டச் சொல்லி மனுவும் கொடுப்போம், கொடியும் பிடிப்போம். ஆனால் ஒன்று கேட்கிறோம். பெட்டி போதாததால் நெரிசல் வரும், ஒத்துக்கொள்கிறோம். அதனால் "டா" எப்படி வரும்? போனில் சினிமாப் பாட்டைப் பெட்டி முழுக்க அலறவிடுவது எந்தப் பெட்டிப் பற்றாக்குறையால்? பெங்களூர்க்காரர்களிடம் "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று மூன்று சொல் இருக்கிறது. அதைக் கேட்டால் முறைப்பவரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். அந்த மூன்று சொல்லுக்கு ரயில்வே பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டுமா?

இப்போது சொல்லப் போவதுதான் நம் நெஞ்சை அறுப்பது. ஒரு மாலை, திரும்பும் வண்டியில், கட்டட வேலைப் பையன்கள் நாலு பேர் ஏறினார்கள். பீகாரோ ஒடிசாவோ, நாம் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டையெல்லாம் சிமென்ட். கையில் டிக்கெட் இருந்தது. காலி இடத்தில் உட்கார்ந்தார்கள். "ஏய் வடக்கா, எழுந்திருடா, இது எங்க வண்டி" என்று ஒரு குரல். நல்ல தமிழ்க் குரல். நம் ஊர்க் குரல். நாலு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கதவருகே போய் நின்றார்கள். அவர்கள் எழுந்த விதத்தைப் பார்த்தால், இது அவர்களுக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. பெட்டியில் இருந்த நூறு பேரில் ஒருவரும் பேசவில்லை. நாமும் உடனே பேசவில்லை. அந்த வெட்கத்தையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

எங்கள் வண்டியாம்! 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் அடிபட்டபோது, நாம் சிறுபிள்ளைகள். வெளியே போனால் தமிழில் சத்தம் போட்டுப் பேசாதே என்று அம்மா வாயைப் பொத்தியது நினைவிருக்கிறது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பெங்களூரில் எரிந்தபோது நாம் பெரியவர்கள். நம் பிள்ளைகளின் வாயை நாமே பொத்தினோம். "கொங்கா" என்று நம்மைக் கூப்பிட்டவர்களை மறக்கவில்லை. மறக்காதவன்தான் "வடக்கா" என்கிறான். சோற்றுக்காக ஊர் விட்டு வந்தவனை அவமதிக்கும் உரிமை, சோற்றுக்காக ஊர் விட்டு வந்தவனின் பேரனுக்கு யார் கொடுத்தது?

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவில்லை. இதை எழுதுகிறவர் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிறவர். பெரியவர்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஒரு நாள், இருமிக்கொண்டே ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி காட்பாடிக்கு டிக்கெட் கேட்டார், சலுகை உண்டா என்றார். இல்லை என்றோம். சரியாகக் காதில் விழாமல் மறுபடி கேட்டார். "அதெல்லாம் கிடையாது, தள்ளி நில்லு, பின்னால ஆள் நிக்குது" என்று நம் வாயிலிருந்து வந்தது. "நில்லு" என்றோம், தோழர்களே, "நில்லுங்க" என்றுகூட இல்லை. சலுகையை எடுத்தவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். "ங்க" என்ற இரண்டெழுத்தை எடுத்தது நாம். அவர் காசை எண்ணி வைத்துவிட்டு, "சரிங்க சார்" என்று போனார்.

கிளைக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். ஆள் இல்லாத இடத்தில் சங்க உறுப்பினர் எவரும் இனித் துண்டு போடுவதில்லை, போட்டிருந்தால் எடுத்து மடித்து மேலே வைத்துவிட்டு நிற்கும் பெண்களை உட்காரச் சொல்வது என்று முடிவாயிற்று. டிக்கெட் எடுத்தவர் எந்த மொழி பேசினாலும் அவரை எழுப்ப எவருக்கும் உரிமையில்லை, எழுப்பினால் பக்கத்திலிருப்பவர் வாய் திறக்க வேண்டும் என்பதும் முடிவு. இரண்டாவதை எல்லோரும் ஏற்றார்கள். முதலாவதை எதிர்த்து மூன்று பேர் கை தூக்கினார்கள். அவர்கள் பெயரை இங்கே போடமாட்டோம். மூவரும் சீட்டு நன்றாக ஆடுவார்கள்.