இதில் நீ எங்கே?

சகோதரிகளே, "மோஷன் டிசைனர் என்றால் என்ன உத்தியோகம்?" என்று உங்களை யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? என் அண்ணன் மகளுக்கு அதுதான் தொழில். எழுத்தைத் துள்ள வைப்பாள்; கோட்டை நெளிய வைப்பாள். 1955-ல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' என்ற ஹாலிவுட் படத்தின் தொடக்கத்தில் வெறும் வெள்ளைப் பட்டைகளை நகர்த்தியே நம்மை உட்கார வைத்த ஸால் பாஸ், இந்தக் குலத்தின் மூத்தவர்களில் ஒருவர்.

வேலை தேடும் இந்தப் பெண், தன் கைவரிசையைக் காட்ட இணையத்தில் ஒரு தளம் அமைத்திருந்தாள். கறுப்புப் பின்னணி, மிடுக்கான ஆங்கிலம், ஓயாமல் சுழலும் படங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். என் தாயார் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "தலையைச் சுற்றுகிறதடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி மட்டும் கடைசிவரை பார்த்தாள். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் நீ எங்கே?" என்றாள்.

பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆறு மாதமாக விண்ணப்பம் போட்டும் பதில் இல்லையே! "விளையாட்டாகச் செய்தால் யார் அத்தை வேலை கொடுப்பார்கள்?" என்று என்னிடம் கேட்டாள்.

பிரான்ஸைச் சேர்ந்த ப்ரூனோ சிமோனின் தளத்தை அவளுக்குக் காட்டினேன். 2019-ல் வெளிவந்த அதில் ஒரு பொம்மைக் கார். வந்தவர்களே அதை ஓட்டிக்கொண்டு போய் அவருடைய வேலைகளைப் பார்க்கலாம். முப்பரிமாணத் தளம் அமைப்பதுதான் அவர் தொழில். ஆகவே அந்த விளையாட்டே அவர் திறமைக்குச் சாட்சி. "நானும் கார் வைக்கட்டுமா?" என்றாள். "வைத்தால் அது அவருடைய கார்தானே?" என்றேன்.

இவளுக்கென்று ஒரு குறும்பு உண்டு. யார் எப்படி நடப்பார்கள் என்று நடித்துக் காட்டுவாள். அதையே பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் தளத்தைத் திறந்தால், ஒரு பாட்டியம்மாள் காப்பித் தம்ளருடன் வருகிறாள். அடி எடுத்து வைக்குமுன் லேசாகப் பின்னால் சாய்கிறாள். அசைவுக்கு முன் ஆயத்தம் காட்டுவது அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளில் ஒன்று. டிஸ்னியின் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, தமாஷுக்குள்ளேயே தொழில் ஞானமும் தெரிகிறது!

விருந்தாளியின் சௌகரியத்தையும் அவள் மறக்கவில்லை. முப்பது படங்கள் ஆறாகக் குறைந்தன. ஒவ்வொன்றிலும் தன் பங்கு எது என்று ஒரு வரி. பாட்டியம்மாளைப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரே அழுத்தலில் நேரே படங்களுக்குப் போய்விடலாம். கேட்டாலொழியச் சப்தம் கிடையாது. அசைவை நிறுத்த ஒரு பொத்தான். தலைசுற்றலுக்கு அஞ்சித் தங்கள் போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு அசையாத படங்களே வரும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் ஒரு ஸ்டூடியோவிலிருந்து முதல் பதில் வந்தது: "காப்பி கொண்டு வரும் அந்த அம்மாள் யார்? நேரில் வந்து சொல்லுங்கள்."

"நான் அப்படியா நடக்கிறேன்?" என்று என் தாயாருக்குத்தான் கோபம். ஆனாலும் தினம் ஒரு தடவை அதைப் போடச் சொல்லிப் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ தன் வேலையைக் கொண்டுவந்து காட்டினால், "பிரமாதம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அண்ணியின் கேள்வியையும் கேட்டு வையுங்கள்.