தலையெழுத்தும் 18 கோடி ரூபாயும்

நம் ஜனங்களைப் பார்த்து எந்த வியாதிக்குக் காரணம் கேட்டாலும் மூன்று பதில்கள் எப்போதும் தயாராயிருக்கும். ஒன்று முன்ஜென்ம பாவம், இரண்டு கிரகக் கோளாறு, மூன்று தலையெழுத்து. முதல் இரண்டுக்காவது பரிகாரம் என்று சொல்லிப் பணம் பறிக்க ஆள் உண்டு. மூன்றாவதற்கு அதுவும் கிடையாது. "அன்றைக்கு எழுதினவன் அழித்தா எழுதப் போகிறான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச்சும் இல்லை, முயற்சியும் இல்லை.

அழித்து எழுதியாகிவிட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். அழித்து எழுதியவன் பிரம்மா அல்ல, மனிதன்.

அரிவாள் அணு இரத்தசோகை என்று ஒரு பிறவி வியாதி உண்டு. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் வட்டமாயிருந்து, சுமார் 120 நாள் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வியாதிக்காரரிடத்தில் அவை கதிர் அறுக்கும் அரிவாளைப்போல் வளைந்து விறைத்து, பத்து இருபது நாளிலேயே அழிந்துபோகும். அழிவதால் சோகை. வளைந்தவை சின்ன இரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்வதால் வலி. அந்த வலியைச் சாமானியமாய் நினைத்துவிடக் கூடாது. கையும் காலும் வீங்கி, எலும்பை உடைப்பதுபோல் வலித்துப் பச்சைக் குழந்தை கதறும். அதைப் பார்த்த தாய், மந்திரவாதியிடம் ஓடாமல் வேறு எங்கே ஓடுவாள்?

இதை ஆராய்ந்த கதை நீளமானது. சிக்காகோவில் ஹெரிக் என்ற வைத்தியர், கிரெனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவனின் இரத்தத்தில் இந்த அரிவாள் உருவங்களைக் கண்டு 1910-ல் எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங், கோளாறு இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது என்று காட்டினார். பிறகு இன்கிராம் என்பவர் இன்னும் நுட்பமாய்ச் சோதித்து, 146 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியில் ஆறாவது கண்ணி ஒன்றே ஒன்று மாறியிருப்பதுதான் இத்தனைக்கும் காரணம் என்று கண்டார். மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் அந்தக் கண்ணி மாறிவிடும். முன்ஜென்ம பாவம் என்பதெல்லாம் கடைசியில் ஓர் எழுத்துப் பிழை!

அந்தப் பிழையாவது ஏன் இத்தனை பேரிடத்தில் தங்கிவிட்டது என்றால், அதற்கும் காரணம் தெரிந்திருக்கிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் கூறு வந்தவருக்கு வியாதி இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைக்கும் சக்தியே கொஞ்சம் கூடுதலாயிருக்கிறது. 1954-ல் ஆலிஸன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை எடுத்துக் காட்டினார். ஆகவே மலேரியா நிறைந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தவர்களிடத்தில் இது பெருகிற்று. நம் நீலகிரியில் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களிடத்தில் இது இருக்கிறது என்று லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் வெளியிட்டார்கள். சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம், மஹாராஷ்டிரம், குஜராத் முதலிய இடங்களிலும் ஏராளமான ஆதிவாசிகள் இதனால் கஷ்டப்படுகிறார்கள்.

நிற்க. 2023 நவம்பரில் இங்கிலாந்தும், டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்திரியைக் கொண்டு செய்யும் சிகிச்சையில் உலகத்தில் அனுமதி பெற்றது இதுவே முதலாவது. பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வைரஸ்களை வெட்டித் தள்ள வைத்துக்கொண்டிருந்த ஆயுதமே இந்தக் கத்திரி. அதை மனிதன் கைக்குக் கருவியாக்கியதற்காக ஷார்பென்டியே, டௌட்னா என்ற இரண்டு பெண்மணிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெண்ணுக்குப் புத்தி கிடையாது என்று எழுதி வைத்த சாஸ்திரக்காரர்கள் இதற்கு என்ன வியாக்கியானம் செய்வார்களோ தெரியாது.

இந்தச் சிகிச்சை தப்பான எழுத்தையே திருத்துகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது செய்வது இன்னும் சாமர்த்தியமான காரியம். கருவிலிருக்கும் சிசுவுக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்களில் அது அடங்கி, பெரியவர்களுக்குரிய வகை வந்துவிடும். வியாதியுள்ள குழந்தைகளும் பிறந்தவுடன் கஷ்டப்படாததற்கு இந்தச் சிசு வகையே காரணமாயிருக்கலாமென்று 1948-லேயே ஜேனட் வாட்ஸன் என்ற பெண் வைத்தியர் ஊகித்தார். அதை அடக்கி வைக்கும் விசை எது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. இப்போது நோயாளியின் சொந்த மூல அணுக்களை எடுத்து, அந்த விசையைக் கத்திரியால் வெட்டிவிட்டு, திரும்பவும் உடம்பில் செலுத்துகிறார்கள். சோதனையில் போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு, தொடர்ந்து 12 மாதம் கடும் வலி வரவே இல்லை.

இதில் கஷ்டமில்லாமலுமில்லை. புது அணுக்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக எலும்பு மஜ்ஜையிலுள்ள பழையவற்றைக் கடுமையான மருந்தால் முதலில் ஒழிக்கவேண்டும். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டும். பிள்ளைப்பேறு போய்விடக்கூடிய அபாயமும் உண்டு. விபூதி போட்டவுடன் சொஸ்தம் என்று சொல்லுகிறவனைப் போலல்லாமல், விஞ்ஞானம் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது.

ஆனால் விலையைக் கேட்டால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது. அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு 22 லட்சம் டாலர். அனுமதி கிடைத்த காலத்துக் கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய். இங்கிலாந்தில் 2025 ஜனவரியில் சர்க்கார் வைத்திய இலாகா செலவை ஏற்றுக்கொண்டு, வருஷத்துக்குச் சுமார் 50 பேருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர் அணுவிலேயே தனித்தனியாய்ச் செய்யவேண்டிய வேலை என்பதால், செலவு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனாலும், கூடலூரில் தேயிலை கிள்ளும் ஒரு பணியர் குடும்பத்துக்கு 18 கோடி என்ற எண்ணும் பிரம்மலிபியும் ஒன்றுதானே? இரண்டையும் படிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கோயிலுக்குள் வராதே என்று நிறுத்தப்பட்டவனை, ஆஸ்பத்திரி வாசலில் பணத்தைக் காட்டி நிறுத்துவதற்காகவா இவ்வளவு அறிவும் செலவழிக்கப்பட்டது?

டில்லியிலுள்ள மத்திய சர்க்காரின் மரபணு ஆராய்ச்சி நிலையம், சொந்தத்தில் ஒரு கிரிஸ்பர் சிகிச்சை செய்து, அதற்குப் பிர்சா முண்டாவின் பெயர் சூட்டியிருப்பதாக 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சந்தோஷமே. ஆனால் ஆதிவாசித் தலைவரின் பெயர் மருந்துக்கு வந்தால் போதாது; மருந்து ஆதிவாசிக்கு வரவேண்டும்.

அதுவரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, பெரியவர்களுக்கு வலி வரும் தடவைகளை ஏறக்குறையப் பாதியாய்க் குறைக்கிறது என்று 1995-லேயே ருசுவாகிவிட்டது. அது கோடி ரூபாய்ச் சரக்கல்ல. வைத்தியரின் மேற்பார்வையில், அவ்வப்போது இரத்தச் சோதனை செய்துகொண்டு சாப்பிடவேண்டிய சாதாரண மாத்திரை. சிறு குழந்தைகளுக்குப் பெனிசிலினும் தடுப்பூசியும் கொடுத்தால் தொற்றுவியாதிச் சாவு குறைகிறது. 2047-க்குள் இந்த வியாதியை ஒழிப்பதென்று மத்திய சர்க்கார் 2023 ஜூலையில் ஓர் இயக்கம் தொடங்கி, 40 வயது வரையிலுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதாகச் சொல்லிற்று. சோதித்து உனக்கு வியாதி என்று கார்டு கொடுப்பது சுலபம். கார்டு பெற்றவனுக்கு மாதம் தவறாமல் மாத்திரை கிடைக்கிறதா என்பதே நம் கேள்வி.

அந்தக் கார்டைப்பற்றியும் ஒரு வார்த்தை. கலியாணத்துக்கு முன் ஜாதகம் பார்ப்பதுபோல் இதையும் பொருத்திப் பார்க்கலாமென்று சொல்லப்படுகிறது. ஜாதகத்தைக் கிழித்துப் போட்டு இரத்தத்தைச் சோதிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கூறு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வியாதிக்கு இடமுண்டு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் பிள்ளைக்கு இந்த வியாதி வராது. ஒரே வட்டத்துக்குள் கொண்டு கொடுப்பவர்களிடத்தில் இரண்டு கூறுகள் சந்திப்பது சுலபம் என்பதையும் ஜாதிக் கலியாணக்காரர்கள் யோசிக்கட்டும். ஆனால் நம் தேசத்தில் எந்தச் சீட்டும் கடைசியில் பெண் தலையில்தான் விடியும். கூறு ஆணிடமிருந்தும் பாதி வருகிறது. வியாதிக் குழந்தை பிறந்ததும் "ராசியில்லாதவள்" என்று மருமகளைத் தள்ளி வைக்கிறவன், தன் இரத்தத்தை முதலில் சோதித்துக்கொள்ளட்டும்.

நீலகிரி, கோயமுத்தூர், தர்மபுரிப் பக்கங்களிலுள்ள தோழர்கள் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒருதரம் நேரில் போய், அரிவாள் அணுச் சோதனை எந்த நாளில் செய்கிறார்கள், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை இருப்பில் இருக்கிறதா, சென்ற மாதம் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு நமக்கு எழுதவேண்டுகிறோம். வந்த பதிலை வந்தபடியே பிரசுரிப்போம்.