காணி உறுதி தராமல் முதலாளி ஆகச் சொல்வதா?



கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களில் மறுபடியும் சுயதொழில் பயிற்சிக்குப் பெயர் எடுக்கிறார்கள். கொழும்புக் கடைகளில் நின்றுவிட்டுத் திரும்பியவர்கள், சாதாரண தரம் எழுதிவிட்டு நாலைந்து வருடமாக லயத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வரலாமாம். ஐந்து நாள் வகுப்பு, பகல் சாப்பாடு, கடைசி நாளில் சான்றிதழும் ஒரு போட்டோவும்.

நாம் பயிற்சிக்கு எதிரிகள் அல்ல. கணக்கு எழுதவும் அடக்கவிலை பார்க்கவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேண்டும். அந்த வகுப்பு முடிகிற இடத்தில்தான் நமது சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம்மிடம் படித்த ஒரு பிள்ளை தையல் பயிற்சி முடித்தாள். வியாபாரப் பெயரைப் பதியப் போனபோது, தொழில் நடத்தும் இடத்துக்கு உறுதியோ குத்தகைப் பத்திரமோ கேட்டார்கள். லயத்துக்கு ஏது உறுதி? கடன் கேட்டால், நிரந்தர உத்தியோகத்தில் உள்ள இரண்டு பிணையாளர்கள் வேண்டுமாம். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கொழுந்து எடுப்பவர்கள். கடைசியில் வாராவாரம் வாசலுக்கே வந்து பணம் கேட்கும் நுண்கடன்தான் கிடைத்தது. மெஷின் வந்தது. எட்டு மாதத்தில் அதை விற்றுத்தான் கடனை அடைத்தாள். பயிற்சி கொடுத்தவர்கள் ஒருநாள்கூட அவள் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் "முயற்சி போதாது" என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது!

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை நம்முடையது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் வேலை செய்யவே தடை இருந்தது. பாதையும் இல்லாமல் பத்திரமும் இல்லாமல் வைத்துவிட்டு, வேலை இல்லாததற்குப் பிள்ளைகளின் சோம்பல்தான் காரணம் என்பது எந்த ஊர் நியாயம்?

7 பேர்ச் காணிக்கு முறையான உறுதி வேண்டும். அது கைக்கு வரும்வரை தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையே இடத்துக்கான சான்றாக ஏற்க வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு ஒரு வருடமாவது, தமிழ் தெரிந்த ஒரு வழிகாட்டி மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து கணக்கைப் பார்க்க வேண்டும். தைக்கத் தெரிந்தவளுக்குப் பிள்ளைமடுவத்துத் துணி வேலையையாவது தோட்டம் கொடுக்கட்டும்.

பெயர் எடுக்க வருகிறவர்களிடம் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இவற்றை எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அதன் பிறகு பிள்ளைகள் கையெழுத்துப் போடட்டும்.